மூணு வயலின் பெட்டி

ஏனுங்க, அந்தப் போட்டோவை இன்னொருக்கா காட்டுங்களேன். தப்பா நெனைக்காதீங்க. பக்கத்துல உக்காந்துட்டு அடுத்தவங்க போனை எட்டிப் பாக்கறது மரியாதையில்லைதான். ஆனா கண்ணு போயிருச்சு.

ஆமா, அதேதானுங்க. மேல மூணு வயலின் நட்டமா நிக்குது, அதைச் சுத்தி வளையமா ஒரு வில்லு, கீழ பியானோ. ஆளே இல்லாம தானா வாசிக்கும். குன்னூர்ல அந்தப் பெரிய ஹோட்டல்லதானே எடுத்தீங்க? பேரைச் சொல்ல வேண்டாமுங்க. எனக்கு அந்தப் பேரைக் கேட்டாலே வயிறு எரியும்.

பக்கத்துல போர்டு ஒண்ணு வெச்சிருப்பாங்களே, படிச்சீங்களா? நூறு வருசத்துக்கு முன்னால ஜெர்மனியில செஞ்சது, ஒரு வெள்ளைக்காரத் தொரை கப்பல்ல கொண்டாந்து தேயிலைத் தோட்டத்து பங்களாவுல வெச்சாரு, அவரு சம்சாரம் காய்ச்சல்ல படுத்திருந்தப்ப தெனமும் சாயங்காலம் இதை வாசிக்க விட்டாரு, அந்தம்மா அதைக் கேட்டுட்டே கண்ணை மூடுனாங்கன்னு இருக்கும். அதானே? படிச்சுட்டு உங்க வீட்டம்மா கண்ணைத் தொடச்சாங்களா? தொடச்சிருப்பாங்க. எல்லாரும் தொடைக்கறாங்க.

அது நான் செஞ்சதுங்க.

சிரிங்க, பரவால்ல. பத்திரிகைக்காரர் ஒருத்தர்கூட மொதல்ல இப்படித்தான் சிரிச்சாரு. என் பேரு லாசர். கோயமுத்தூர்ல ஆவாரம்பாளையத்துல லேத் பட்டறை வெச்சிருக்கேன். ஸ்பின்னிங் மில் மெஷினுக்குப் பாகம் கடைஞ்சு குடுக்கறது தொழில். அந்தப் பெட்டியில நீங்க பாத்த ஒவ்வொரு பித்தளையும் எங்கையில கடைஞ்சது. மூணு வருசமுங்க. தொரையுமில்ல, தொரைசாணியுமில்ல. காய்ச்சல் வந்தது எனக்குத்தான், ரெண்டு தடவ.

பஸ்ஸு மேட்டுப்பாளையம் போற வரைக்கும் நேரமிருக்குது. கேக்கறீங்களா? தூக்கம் வந்தா தூங்குங்க, நான் ஒண்ணும் நெனைக்கமாட்டேன்.

விஜயரங்கம்னு ஒருத்தர். அவருதான் ஹோட்டல் முதலாளி. அஞ்சு வருசத்துக்கு முன்னால ஒரு நாள் காரைப் பட்டறை வாசல்ல நிறுத்திட்டு உள்ள வந்தாரு. வெள்ளை வேட்டி, எண்ணெய்த் தரையில நடக்கறோமேங்கற கூச்சமே இல்ல. ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்து போனைக் காட்டுனாரு. வெளிநாட்டுல ஏதோ மியூசியத்துல எடுத்த வீடியோ. அதுலதான் மொத மொத அந்தப் பெட்டியைப் பாத்தேன். வட்டமா ஒரு வில்லு, குதிரை முடி கட்டுனது, சுத்திக்கிட்டே இருக்குது. நடுவுல மூணு வயலின். எது வாசிக்கோணுமோ அது மெதுவா முன்னால சாஞ்சு வில்லைத் தொடுது. கீழ காயிதச் சுருள் ஒண்ணு ஓடுது, அதுல ஓட்டை ஓட்டையா இருக்குது. ஓட்டை வந்தா காத்து உள்ள போவுது, காத்து போனா ஒரு பித்தளை விரல் தந்தியை அமுக்குது. கரண்ட்டுல ஒரு மோட்டார் துருத்தியை ஓட்டுது, அவ்வளவுதான். மத்ததெல்லாம் காத்து.

"அண்ணா, இதுல பழசு உலகத்துல எண்ணிக் கொஞ்சந்தான் இருக்குது. விக்கமாட்டேங்கறாங்க. இப்ப வெளிநாட்டுல புதுசா செய்யறாங்க, கம்ப்யூட்டர் வெச்சு. நீங்க செய்வீங்களா?"ன்னாரு.

நான் அந்த வீடியோவை ஏழெட்டுத் தடவ பாத்தேனுங்க. "செய்யலாம். ஆனா கம்ப்யூட்டர் வேண்டாம். அவங்க செஞ்ச மாதிரியே காயிதமும் காத்தும்தான்"னேன்.

"சிரமப்படாதீங்க, உள்ள ஒரு ஸ்பீக்கர் வெச்சாப் போதும், வெளிய சும்மா ஆடுனா யாருக்குத் தெரியப்போகுது"ன்னாரு.

"அப்பறம் எதுக்குங்க வயலின்?"னு கேட்டேன். அவரு கொஞ்ச நேரம் எம்பட மூஞ்சியவே பாத்துட்டு, "உங்க பேரைப் போட்டு வெப்போம்ணா. ஆவாரம்பாளையம் லாசர் செஞ்சதுன்னு"ன்னாரு. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் விழுந்தேன். நாப்பது வருசமா மில்லுக்குப் பாகம் செய்யறனுங்க. நான் செஞ்ச பாகம் எந்த மெஷின்ல ஓடுதுன்னு எனக்கே தெரியாது. மெஷின்ல கம்பெனிக்காரன் பேருதான் இருக்கும். ஒரு சாமானாவது எம்பேருல நிக்கட்டும்னு இருந்துச்சு.

ஒப்பந்தம்னு இங்கிலீஷ்ல நாலு பக்கம் அனுப்புனாரு. நான் கையெழுத்துப் போட்டுட்டேன். எம்பட தங்கச்சி அதைப் படிச்சுட்டு, "அண்ணா, இதுல புதுசா செய்யறதுன்னு இல்ல. பழைய வாத்தியத்தைப் பழுது பாக்கறதுன்னு போட்டிருக்குது"ன்னா. "உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு பாப்பா"ன்னுட்டேன். அவங்க ஏதோ வரி விசயத்துக்கு அப்படிப் போட்டிருப்பாங்கன்னு நெனச்சேன்.

தங்கச்சியா? ஆமா, என்கூடத்தான் இருந்தா. எங்கப்பா போனப்பறம் நான்தான் பாத்துக்கிட்டேன். எம்பட சம்சாரமும் பத்து வருசத்துக்கு முன்னாலயே போயிட்டா, அதுக்கப்பறம் வீட்டுல நாங்க ரெண்டு பேருதான். கல்யாணம் அமையலீங்க அவளுக்கு. ஒண்ணு ரெண்டு வந்துச்சு, ஒத்து வரல. சர்ச்சுல முப்பது வருசமா ஆர்கன் வாசிச்சவ. வீட்டுல கொழந்தைகளுக்குப் பியானோ சொல்லிக் குடுப்பா. சோறாக்குவா. பாவம், சாது. அம்பத்திரண்டு வயசாச்சு, எனக்கு இன்னும் பாப்பாதான்.

சரி, வேலைக்கு வர்றேன். அந்த வில்லு இருக்குதே, அதை வட்டமா செய்யறதுக்கே எட்டு மாசமாச்சு. ஆயிரத்துச் சொச்சம் முடி. ஒரு முடி தளந்தாலும் கரகரங்கும். அப்பறம் வால்வு. கட்டைவிரல் பருமனுக்குப் பித்தளையில ஒண்ணு கடைஞ்சேன். காத்தை மூணு வயலினுக்கும் பிரிச்சு விடறது அதுதான். பதினாலு தடவ தப்பாப் போயி பதினஞ்சாவதுதான் சரியா வந்துச்சு. இந்தியாவுல அதை இன்னொருத்தன் செய்யமாட்டான். பெருமைக்குச் சொல்லல. பழைய பியானோ ஒண்ணும் பழைய வயலின் மூணும் விஜயரங்கமே வாங்கி அனுப்பிச்சாரு. ஏதோ பங்களாவை இடிச்ச தேக்குப் பலகையும் வந்துச்சு. "பழைய மரம்னா நாதம் நல்லா வரும்ணா"ன்னாரு. எவ்வளவு அக்கறையான மனுசன்னு நெனச்சேன். எதுக்குப் பழைய மரம் அனுப்புனாருன்னு இப்பப் புரியுது.

ரெண்டாவது வருசக் கடைசியில பெட்டி ஓடுச்சு. ஹோட்டல்ல இருந்து ஒரு என்ஜினீயர் பையன் கம்ப்யூட்டர்ல ரோல் அடிச்சு அனுப்பியிருந்தான். ரோல்னா அந்தக் காயிதச் சுருள்தானுங்க. அதைப் போட்டு ஓட்டுனோம். ஒவ்வொரு சுரமும் சரியாத்தான் வந்துச்சு. ஆனா கிரைண்டர் ஓடற மாதிரி இருந்துச்சு. நான் அப்படியே ஸ்டூல்ல உக்காந்துட்டேன். இத்தனை பாடு இதுக்குத்தானான்னு.

தங்கச்சி காப்பி கொண்டாந்தவ நின்னு கேட்டா. "அண்ணா, மெஷின் நல்லாருக்குது. ரோல்தான் சரியில்ல. வாசிக்கறவங்க மூச்சு விடோணுமில்ல? இதுல மூச்சு விடறதுக்கே எடமில்ல"ன்னா. அப்பறம், "நான் பண்ணட்டுமா?"ன்னு கேட்டா. பண்ணேன்னேன்.

அது பெரிய வேலையில்லீங்க. காயிதத்துல ஓட்டை போடறது. பாட்டைக் கேட்டு, எழுதி, மூணு வயலின்ல எது எந்த சுரத்தை எடுக்கோணும், எப்ப வில்லை அழுத்தோணும், எப்ப விடோணும்னு கோடு போட்டு, ஒரு சின்ன உளியும் சுத்தியலும் வெச்சுத் தட்டிக்கிட்டே இருப்பா. பின்னாடி ரூம்ல மத்தியானமெல்லாம் டொக்கு டொக்குன்னு கேக்கும். பதினோரு மாசம். பத்து ரோல். ஒரு ரோலுக்கு அஞ்சாயிரம் ஆறாயிரம் ஓட்டை வரும்னு சொன்னா, நான் எண்ணிப் பாக்கல. வலது கை வீங்கிப் போச்சு அவளுக்கு. பியானோ கிளாஸை நிறுத்திட்டா. சர்ச்சுல ஆர்கனுக்கும் வேற புள்ளைய உக்கார வெச்சாங்க. "ஏம் பாப்பா இப்படி இழுத்துப் போட்டுக்கறே, சும்மா நாலு பாட்டு அடிச்சாப் போதும்"னு நான்கூடச் சொன்னேன்.

மொத ரோலைப் போட்டு ஓட்டுனப்ப, என்னத்தைச் சொல்றது, ஆள் வாசிக்கற மாதிரியே இருந்துச்சுங்க. கொஞ்சம் தயங்கி, கொஞ்சம் இழுத்து. பட்டறையில லேத்தெல்லாம் நிறுத்திட்டு எல்லாரும் வந்து நின்னாங்க. நான் அழுதுட்டேன். எம்பட மெஷின் இப்படி வாசிக்குமான்னு எனக்கே நம்ப முடியல.

அன்னைக்கே பித்தளைத் தகடு ஒண்ணு எடுத்து நானே பேர் வெட்டுனேன். 'லாசர், ஆவாரம்பாளையம், கோவை'. வெட்டறப்ப தங்கச்சி பக்கத்துல நின்னுட்டு, "தகட்டுல கீழ எடம் இருக்குதாண்ணா?"ன்னு கேட்டா. "எதுக்கு?"ன்னேன். "ஒண்ணுமில்ல"ன்னுட்டு உள்ள போயிட்டா. எடமிருந்துச்சு, ரெண்டு விரக்கடை. ஆனா தகடுன்னா கீழ கொஞ்சம் வெறுமையா விட்டாத்தானுங்க பாக்க லட்சணம்.

மூடியில நாலு ஸ்குரூ போட்டு மாட்டி, லாரியில ஏத்தி அனுப்பிச்சேன்.

திறப்பு விழாவுக்கு எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டாங்க. நான் கோட்டுப் போட்டுக்கிட்டுப் போனேன். மூணாவது வரிசையில சீட்டு. என்னை மேடைக்குக் கூப்பிடுவாங்கன்னு என்ன பேசறதுன்னு எழுதி வெச்சிருந்தேன். விஜயரங்கம் மைக்கைப் பிடிச்சாரு. பிடிச்சு, அந்தத் தொரை கதையைச் சொன்னாரு. கப்பலு, பங்களா, காய்ச்சலு. பக்கத்துல இருக்கறவங்களெல்லாம் உச்சு உச்சுங்கறாங்க. எனக்கு மொதல்ல வெளங்கவேயில்ல. வேற ஏதோ பெட்டியைப் பத்திச் சொல்றாருன்னே நெனச்சேன். அப்பறம் திரையை விலக்குனா, எம்பட பெட்டி. மூடியில தகடு இல்ல. நாலு ஸ்குரூ ஓட்டையையும் மெழுகு வெச்சு அடைச்சு, மேல பாலிஷ் போட்டிருந்தாங்க.

வாசிச்சுது. எல்லாரும் எந்திரிச்சு நின்னு கை தட்டுனாங்க. என்னையும் தட்டச் சொல்லி முன்னாடி இருந்த ஒருத்தர் திரும்பிப் பாத்தாரு.

விழா முடிஞ்சு அவரு ரூமுக்குப் போனேன். அவரு கோவப்படலீங்க. காப்பி வரவழைச்சாரு. "அண்ணா, ஆவாரம்பாளையத்துல செஞ்சதுன்னு போட்டா யாராவது மலையேறி வந்து பாப்பாங்களா? நீங்களே சொல்லுங்க. சனங்களுக்குக் கதை வேணும். மெஷின் நல்லாத்தான் இருக்குது, ஆனா மெஷினைப் பாத்து யாரும் அழமாட்டாங்க"ன்னாரு. "பேர் போடறேன்னீங்களே"ன்னேன். மேசை டிராயரைத் திறந்து தகட்டை ஒரு கவர்ல போட்டுக் குடுத்தாரு. "பத்திரமா வெச்சிருந்தேன்"னாரு. அதை ஏதோ உபகாரம் பண்ற மாதிரி.

திரும்பி வர்ற வழியெல்லாம் நான் புலம்பிக்கிட்டே வந்தேன். இதே பஸ்தான், இதே மாதிரி சன்னலோரம். தங்கச்சி பக்கத்து சீட்டுல. பர்லியாறுல டீக்கு நிறுத்துனப்ப, "இன்னைக்கு எந்த ரோல் போட்டாங்கன்னு கவனிச்சியாண்ணா?"ன்னு கேட்டா. "ரோலாம் ரோலு, என்னையவே அழிச்சுட்டான், நீ ரோலைப் பத்திப் பேசற"ன்னு கத்திட்டேன். டீயைப் பாதியில வெச்சுட்டுப் போயி பஸ்ல உக்காந்துக்கிட்டா.

விடுவனா நான். தெரிஞ்சவங்க மூலமா ஒரு பத்திரிகைக்காரரைப் பிடிச்சேன். போன வருசம் ஆனி மாசம் வீட்டுக்கு வந்தாரு. எல்லாத்தையும் கேட்டுட்டு, "சார், அவங்ககிட்ட ஒப்பந்தம் இருக்குது, அதுல பழுது பாத்ததுன்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. மரம் பழசு, வயலின் பழசு. பட்டறை ஆளுங்க நீங்க சொன்னதைத்தான் சொல்லுவாங்க. வேற யாராவது இருக்காங்களா?"ன்னாரு. ஏன் இல்ல, எம்பட தங்கச்சியே இருக்காளேன்னு கூப்பிட்டேன். படிச்சவ, சர்ச்சுல மரியாதையா இருக்கறவ, பொய் சொல்லமாட்டான்னு ஊருக்கே தெரியும். அவ ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.

சேலைத் தலைப்புல கையைத் தொடச்சுக்கிட்டே வந்து நின்னா. அவரு நோட்டை எடுத்துட்டு, "சொல்லுங்கம்மா, அந்த வாத்தியத்தை யார் செஞ்சது?"ன்னாரு.

இவ என்னைப் பாத்தா. அப்பறம் அவரைப் பாத்து, "எங்கண்ணனைக் கேட்டுக்கோங்க. எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க"ன்னுட்டா.

"பாப்பா, என்ன சொல்ற"ன்னேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நீதானேண்ணா சொல்லுவே"ன்னுட்டு சமையல்கட்டுக்குப் போயிட்டா. குக்கர் விசில் அடிச்சுது. அந்தப் பத்திரிகைக்காரர் நோட்டை மூடி ஜோப்புல வெச்சுட்டாரு. அவ்வளவுதான், முடிஞ்சுது.

நீங்களே சொல்லுங்க. கூடப் பொறந்தவ. ஒரு சொல்லுல என்னைக் காப்பாத்தியிருக்கலாம். விஜயரங்கம் வெளி ஆளு, அவன் பண்ணுனது துரோகம்னா வியாபாரத் துரோகம். இது எதுல சேத்தி? சாயங்காலம் கேட்டேன், ஏன் இப்படிப் பண்ணுனேன்னு. தட்டுல சோத்தைப் போட்டுக்கிட்டே, "பெட்டியைப் பத்தி அவரு என்கிட்டக் கேட்டாரு. பாட்டைப் பத்திக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன்"ன்னா. பாட்டைப் பத்தி அவரு எதுக்குங்க கேக்கோணும்? வழக்கே பெட்டியைப் பத்தித்தானே.

அதோட நின்னுருந்தாப் பரவால்ல. பத்து நாள் கழிச்சு, காலைல இட்லி வெச்சுட்டு எதிர்க்க வந்து உக்காந்தா. எப்பவும் உக்காரமாட்டா, நான் சாப்பிட்டப்பறந்தான் அவ சாப்பிடுவா. "அண்ணா, நான் குன்னூருக்குப் போறேன். அந்தப் பெட்டிக்கு ரோல் எழுத ஆள் வேணும். நானே போயி அவருகிட்டக் கேட்டேன்"ன்னா.

கேட்டீங்களா, அவரு கூப்பிடலையாமா. இவளே போயிக் கேட்டாளாமா. எனக்குத் தெரியாம, சர்ச்சு மகளிர் கூட்டம்னு சொல்லிட்டுப் பஸ் ஏறிப் போயி. நான் இட்லியை அப்படியே தள்ளி வெச்சுட்டேன். "என்னை ஏமாத்துனவன்கிட்டப் போயி வேலைக்கு நிக்கறியா?"ன்னேன்.

"அவரு என்னை ஏமாத்தலண்ணா. நான் ஒண்ணு கேட்டேன், அதைக் குடுக்கறேன்னாரு."

"என்ன கேட்டே?"

"ரோல் பெட்டி மேல எம்பேரு."

அவ்வளவுதானுங்க. அதுக்குத்தான் போனா. ஒரு அட்டைப் பெட்டி மேல பேரு. அதுக்காகச் சொந்த அண்ணனை விட்டுட்டுப் போனா. விஜயரங்கம் போன் பண்ணி என்கிட்டயே சொன்னாரு, குரல்ல தேன் ஒழுக, "மிஸ் ரூபவதி இனிமே எங்க இசைப் பொறுப்பாளர்ணா, நீங்க பெருமைப்படோணும்"னு. பாருங்க, அவருக்கு மனுசங்களை எதைக் காட்டி வாங்கறதுன்னு தெரியுது. இவளுக்கு அது தெரியல.

ஒரு வருசமாச்சு. நான் பேசல. அவ மாசமாசம் போன் பண்ணுவா, எடுக்கமாட்டேன். பக்கத்து வீட்டுல சொல்லி மாத்திரை வாங்கி அனுப்புவா. மாத்திரையை மட்டும் எடுத்துக்குவேன், அது உடம்பு விசயம்.

நேத்து ஹோட்டல்ல இருந்து மேனேஜர் போன் பண்ணுனாரு. ரெண்டாவது வயலின் நின்னு போச்சு, யாருக்கும் ஒண்ணும் புரியல, நீங்க வரோணும்னு கெஞ்சுனாரு. நான் வர்றேன்னேன். ஏன் வர்றேன்னேன்னு உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன, நீங்க யாரோ நான் யாரோ. அந்த வால்வைக் கழட்டிக்கிட்டு வந்தரலாம்னுதான் போனேன். அது இல்லைன்னா பெட்டி வெறும் அலமாரி. எவனை வேணாலும் கூப்பிடட்டும், ஜெர்மனியில இருந்தே கூப்பிடட்டும். அப்பத் தெரியும் யார் செஞ்சதுன்னு.

இன்னைக்குக் காலைல பத்து மணிக்குப் போய்ச் சேந்தேன். நீங்க பாத்தது மத்தியானமா இருக்கும். அப்பக் கண்ணாடி போட்ட ஒரு அம்மா பக்கத்துல நின்னிருப்பாங்களே, சாம்பல் கலர்ல சேலை? ரோல் மாத்தறவங்க? அவதான்.

நான் போனப்ப ஈரோட்டுல இருந்து ஒரு கல்யாணக் கூட்டம் வந்து ஹாலெல்லாம் உக்காந்திருந்துச்சு. இவ என்னைப் பாத்ததும், "சாப்டியாண்ணா?"ன்னா. நான் பின்பக்கப் பலகையைக் கழட்டிட்டு உள்ள தலையை விட்டேன். வால்வு கைக்கு வந்துருச்சு. திருகி எடுத்தேன். எடுத்துத் துணியில சுத்தி ஜோப்புல போடறப்ப, பக்கத்துல வந்து நின்னுட்டிருந்தா. எப்ப வந்தான்னே தெரியல.

"கொண்டு போறியாண்ணா?"ன்னா.

"ஆமா. எம்பட சாமான்"னேன்.

அவ தடுப்பா, அழுவா, மேனேஜரைக் கூப்பிடுவான்னு நெனச்சேன். "சரிண்ணா. உன்னோடதுதான்"ன்னா. சொல்லிட்டு முன்னால போயிட்டா. அந்தக் கூட்டத்துல ஒரு அம்மா, "ஏனுங், இன்னைக்கு வாசிக்காதுங்களா?"ன்னு கேக்கறது காதுல விழுந்துச்சு. "தெரியலீங்க. எங்கண்ணன் உள்ள இருக்காரு. அவரு மனசுதான்"ன்னு இவ சொல்றா.

நான் பெட்டிக்குள்ள குனிஞ்சு நிக்கறேன். போயிருக்கலாம். பின்னால ஒரு கதவு இருக்குது, சமையல்காரங்க போற வழி. ஆனா ரெண்டாவது வயலின் கண்ணுக்கு நேரா இருந்துச்சுங்க. அதைத் தாங்கற கை பாதியில சாஞ்சு, வில்லைத் தொடாம, ஒரு நூல் இடைவெளியில நின்னுட்டிருக்குது. எனக்கு அதை அப்படி விட்டுட்டுப் போக முடியல. அது என்னமோ வேலைக்காரன் புத்தி. ஜோப்புல இருந்து வால்வை வெளிய எடுத்துப் பாத்தா, குதிரை முடித் தூசி அடைச்சிருக்குது. ஊதித் தொடச்சு, எண்ணெய் விட்டு, மறுபடி மாட்டிட்டேன். வயலின் கையையும் நிமித்துனேன். "போட்டுப் பாரு"ன்னேன்.

புதுசா ஒரு ரோல் போட்டா. நான் கேட்டதேயில்ல. சினிமாப் பாட்டுமில்ல, சர்ச்சுல பாடற ஞானப்பாட்டுமில்ல. ரெண்டாவது வயலின் மட்டும் தனியா ஆரம்பிக்குது. மெதுவா, பேசலாமா வேண்டாமாங்கற மாதிரி. அது நாலு சுரம் எடுக்கறதுக்குள்ள மொத வயலின் சத்தமா குறுக்க வந்துருது. ரெண்டாவது நின்னுக்குது. மொதலு முடிச்சப்பறம் மறுபடி விட்ட எடத்துல இருந்து எடுக்குது. மறுபடி மொத வயலின் குறுக்க வருது. இப்படியே போயி, கடைசியில மொதலு ஓஞ்சப்பறம் ரெண்டாவது மட்டும் தனியா நெம்ப நேரம் வாசிக்குது. அந்த ஈரோட்டுக்காரங்க யாரும் அசையல. பியானோ ஒவ்வொரு சுரமாத் தொட்டு நின்னு போச்சு.

நான் அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். சொல்லோணுமில்ல, தப்புன்னா தப்புத்தான். "பாட்டு நல்லாருக்குது. ஆனா மொத வயலின் குறுக்க குறுக்க வந்து கெடுக்குது"ன்னேன்.

"ஆமாண்ணா. அப்படித்தான் எழுதியிருக்கேன்"ன்னா. சிரிச்சா. அவ சிரிச்சு நான் பாத்து எத்தனையோ வருசமாச்சு, அதனால அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல.

அதுக்குள்ள அந்தக் கூட்டத்துல இருந்து கல்யாணப் பொண்ணு எந்திரிச்சு வந்து, "இது யாரு எழுதுனதுங்க?"ன்னு கேட்டுச்சு. இவ நிமிந்து நின்னு, "நான்தான் எழுதுனேன்"னு தம்பேரைச் சொன்னா. தெளிவா, ஹால் முழுக்கக் கேக்கற மாதிரி. எல்லாரும் அவளைப் பாத்துக் கை தட்டுனாங்க. தொரையைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல, அதையும் சொல்லோணும். அது போர்டுல இருக்குது, வேணும்னா படிச்சுக்கோங்கன்னு விட்டுட்டா.

நான் கையெல்லாம் எண்ணெயோட பெட்டிக்குப் பின்னால இருந்து வெளிய வந்தேன். அந்தப் பொண்ணு என்னைப் பாத்துட்டு, "இவரு யாருங்க?"ன்னுச்சு.

இப்பச் சொல்லுவா, இத்தனை பேருக்கு முன்னால சொல்லிருவான்னு நின்னேன்.

"இவரு எங்கண்ணன். ரிப்பேருக்கு வந்தாரு"ன்னா.

அவ்வளவுதான். அந்தப் பொண்ணு தலையை ஆட்டிட்டுப் போட்டோ எடுக்கப் போயிருச்சு. நான் பையை எடுத்துக்கிட்டு வந்துட்டேன். சொல்லிக்கக்கூட இல்ல.

எங்கண்ணனாம். எனக்குன்னு ஒரு பேரே இல்லாத மாதிரி. மூணு வருசம் ஒரே கூரைக்குக் கீழ நான் படற பாட்டைப் பாத்தவ. எல்லாந் தெரிஞ்சவ. ஒரு பேரைச் சொல்றதுக்கு எவ்வளவு நேரமுங்க ஆயிரும்? லாசர். மூணே எழுத்து. கூடப் பொறந்தவளுக்கு அதைச் சொல்ல வாய் வரல.